பழைய வண்டியின் எஞ்சின் கொதிக்கிறதா? பணத்தைச் செலவிடும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கி ஓட்டத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே வந்து சேரும் கவலை, வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறுவது. யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ரேடியேட்டரை மாற்று என்பார் ஒருவர். தண்ணீர் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி என்பார் இன்னொருவர். எலெக்ட்ரிக் ஃபேன் பொருத்தாமல் தீராது என்பார் மூன்றாமவர். இந்த மூன்று திசைகளிலும் அலைந்த பிறகுதான், என் வண்டியின் கோளாறு வேறோர் இடத்தில், சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடலான எஞ்சின் பிளாக்கின் பின்கோடியில், துருச்சேறாக இறுகிக் கிடந்தது தெரியவந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்ற வரிசையை இங்கே தருகிறேன்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சில விதிவிலக்குகள் இருந்தாலும், பெரும்பாலான வண்டிகள் புதிதாக விற்கப்பட்டபோது அதே ரேடியேட்டருடனும் அதே விசிறியுடனும் ஒழுங்காகவே ஓடின. இன்று கொதிக்கிறது என்றால் ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது இடையில் யாரோ எதையோ மாற்றிவைத்திருக்கிறார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. புதிதாக எதையாவது பொருத்துவது அதற்குப் பிறகு வரட்டும்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

உங்கள் மாடலுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் உரிய ஒர்க்‌ஷாப் மேனுவல், உரிமையாளர் கையேடு, உதிரிபாகப் பட்டியல் ஆகிய மூன்றும் வேண்டும். அசல் கிடைக்காவிட்டால் மறுபதிப்போ நகலோ போதும். பழைய வண்டிகளில் பாதி வழியில் எஞ்சினையே மாற்றியிருப்பது சாதாரணம். ஆகையால் பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணையும் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேனுவலைத் தேடுங்கள். தவறான மேனுவலை நம்பி வைக்கும் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) எஞ்சினைக் கெடுத்துவிடும்.

மேனுவலிலிருந்து இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: குளிரூட்டும் நீரின் மொத்தக் கொள்ளளவு, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலை, ரேடியேட்டர் மூடியின் அழுத்தம், இக்னிஷன் டைமிங், ஸ்பார்க் பிளக் இடைவெளி, பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை முறுக்கும் அளவும் வரிசையும். அதே நோட்டில், இனி செய்யும் ஒவ்வொரு சோதனையையும் தேதி, அன்றைய வெயில், ஓட்டிய தூரம், முள் நின்ற இடம் ஆகியவற்றோடு குறித்துவையுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். எது பலன் தந்தது என்பது பிறகு தெரியாமலே போய்விடும். கொஞ்சம் பொறுமை கேட்கும் விதிதான், ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவதில் இதற்கு இணை இல்லை.

ரசீதுகளையும் கழற்றிய பாகங்களின் படங்களையும் சேர்த்து வையுங்கள். வண்டியை என்றாவது விற்க நேர்ந்தால், குளிரூட்டும் அமைப்பில் என்ன வேலை நடந்தது என்பதற்கு எழுத்தில் சான்று இருப்பது வாங்குபவருக்குப் பெரிய நம்பிக்கை.

2. உண்மையிலேயே சூடாகிறதா என்று உறுதி செய்யுங்கள்

பல பழைய கார்களில் கொதிப்பது எஞ்சின் அல்ல, பொய் சொல்வது முள். வெப்பமானிகள் இரு வகை. ஒன்று, மெல்லிய குழாய் வழியே வாயுவின் அழுத்தத்தால் இயங்குவது. மற்றது மின்சாரத்தில் இயங்குவது. முதல் வகையில் அதன் குமிழை எஞ்சினிலிருந்து கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் நேரடியாக நனைத்துப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உயரமான ஊர்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயை வளைத்து ஒடித்துவிடாதீர்கள். ஒடிந்தால் மீட்டரே போயிற்று.

மின்சார வகையில் சென்சார், வயர், எர்த் இணைப்பு மூன்றையும் பாருங்கள். சென்சாரின் மரையில் சீலிங் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கெட்டுவிடும். பல பிரிட்டிஷ் கார்களில் மீட்டர்களுக்குச் சுமார் 10 வோல்ட் மட்டும் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அது கெட்டால் வெப்பமானியும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்தே தவறாகக் காட்டும். இரண்டு முட்களும் ஒன்றாக ஏறினால் சந்தேகம் அதன்மேல் விழட்டும்.

கையில் பிடித்துக் குறிபார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் போட்ட காசுக்கு அதிகப் பலன் தரும் கருவி அதுதான். பளபளப்பான உலோகத்தின்மேல் அதைக் காட்டினால் குறைவாகக் காட்டும். கறுப்பு பெயின்ட் அடித்த இடத்திலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் மூடியின் அருகில் கிடைக்கும் எண்ணை முள்ளோடு ஒப்பிடுங்கள்.

எஞ்சினை நிறுத்தியவுடன் முள் சில நிமிடங்களுக்கு ஏறுவது இயல்பு. பம்ப் நின்றுவிட்டது, ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கோளாறாக நினைக்க வேண்டாம். அதேபோல, சூட்டில் வண்டி நின்றுபோய் ஆறிய பிறகு கிளம்பினால், ரேடியேட்டரைக் குறைசொல்வதற்கு முன் பெட்ரோல் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள்

நோட்டில் எழுதிய குறிப்புகள் இங்கேதான் பேசத் தொடங்கும்.

நெரிசலில் நின்று நகரும்போது சூடாகி, வேகம் எடுத்ததும் முள் இறங்கினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விசிறி, பெல்ட், விசிறியைச் சுற்றிய உறை, ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) டைமிங் ஆகியவற்றைப் பாருங்கள். நின்றால் சரியாக இருந்து, வேகமாகப் போகும்போதோ மேடேறும்போதோ சூடானால், தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் பாதி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த, மெலிந்த கலவையும் இதே அறிகுறியைக் காட்டும். கிளப்பிய சில நிமிடங்களிலேயே தாறுமாறாக ஏறினால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி கொஞ்சம் அதிகமாகக் காட்டினால், பெரும்பாலும் பல சிறு குறைகள் ஒன்றுசேர்ந்திருக்கும். பழைய வண்டிகளில் மிகுதியாகக் காண்பது இதுவே. அதனால்தான் ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

4. காசே செலவாகாத சோதனைகள்

இவற்றுக்கு ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும். ஹோஸ், பிரேக் சோதனைகள் தவிர மற்றவற்றுக்கு எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

தண்ணீர் மட்டம்: தனிப் பாட்டில் இல்லாத பழைய ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினால், சூடேறி விரியும் தண்ணீர் வெளியே வழியத்தான் செய்யும். கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பிவிட்டு, அடுத்தடுத்த ஓட்டங்களில் மட்டம் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தினமும் கொஞ்சம் வழிவதைக் கண்டு கொதிக்கிறது என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். பம்ப் இல்லாமல், சூடான நீர் தானே மேலேறிச் சுழலும் முறையில் இயங்கும் போர்டு மாடல் டி போன்ற வண்டிகளில், மேல் குழாயின் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். அங்கே மட்டம் பார்ப்பது அன்றாட வேலை.

ஃபின்கள்: ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சிகளும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பாய்போல் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, மென்மையான தண்ணீர்ப் பீச்சலால் கழுவுங்கள். அழுத்தம் மிகுந்த வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

காற்றின் வழி: கிரில்லுக்கு முன்னால் மாட்டிய கூடுதல் விளக்குகள், பட்டயங்கள் இவையெல்லாம் காற்றை மறைக்கும். இதைவிட முக்கியமானது ஒன்று. ரேடியேட்டரின் ஓரங்களிலும் மேலேயும் இருந்த ரப்பர், ஃபெல்ட் அல்லது தகரத் தடுப்புகள் காலப்போக்கில் காணாமல் போயிருக்கும். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் சந்துகளில் நழுவிவிடும். நின்ற நிலையில், எஞ்சினைத் தொட்டுச் சூடான காற்றே மறுபடி முன்னால் சுற்றி வரும். உதிரிபாகப் பட்டியலின் படத்தை வைத்து எந்தெந்தத் தடுப்பு இல்லை என்று பாருங்கள். ரப்பர் பட்டையை வெட்டி நீங்களே பொருத்திவிடலாம்.

பெல்ட்: மிக நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் பொதுவாக 12 மில்லிமீட்டர் அளவுக்கு அசைய வேண்டும். மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். வி-வடிவ பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் சுழற்ற வேண்டும். தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

ஹோஸ் குழாய்கள்: கீழ்க் குழாய் பம்ப் உறிஞ்சும் பக்கம். எஞ்சினை வேகப்படுத்தும்போது அது சப்பிக்கொண்டு ஒடுங்குகிறதா என்று பாருங்கள். பல கார்களில் இதைத் தடுக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். அது துருப்பிடித்துக் கரைந்திருக்கலாம். நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும் வண்டிக்கு இது நல்ல துப்பு.

விசிறி: திருப்பி மாட்டப்பட்ட விசிறியும் சுழலும், ஆனால் காற்றை இழுக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். இறக்கையின் வளைவை மேனுவல் படத்தோடு ஒப்பிடுங்கள்.

பிரேக்: ஓட்டி வந்ததும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடென்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது.

5. மூடி, சிறிய பொருள்தான், இருந்தாலும் கவனம்

ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கொதிநிலையை ஏறத்தாழ 1.5 டிகிரி உயர்த்தும். 7 பவுண்டு மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ரப்பர் வெடித்த மூடி இந்தப் பாதுகாப்பை அப்படியே இழந்துவிடும்.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. அதிக அழுத்தம் நல்லதென்று 4 பவுண்டுக்கு உரிய ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடியைப் போடாதீர்கள். ஈயப்பற்று வைத்த பழைய தொட்டியும் ஹீட்டரும் மூட்டுகளில் பிளந்துவிடும். மூடி வண்டியைக் குளிர்விப்பதும் இல்லை, கொதிப்பதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். மூடியின் கழுத்து ஆழமும் பல அளவுகளில் வரும். ஆழம் பொருந்தாத மூடி இறுக்கமாக மாட்டிக்கொண்டாலும் அழுத்தத்தைப் பிடிக்காது.

6. டைமிங்கும் கலவையும்

கொதிப்பைப் பற்றிப் பேசும் பலர் இந்தப் பக்கமே திரும்புவதில்லை. எனக்கு இது வருத்தம் தருகிறது, ஏனென்றால் இங்கே செலவு மிகக் குறைவு. டைமிங் பின்தங்கியிருந்தால் கலவை தாமதமாக எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெப்பம் ஹெட்டின் வழியே தண்ணீருக்குள் இறங்குகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் எடைகள் துருப்பிடித்து அசையாமல் இருக்கலாம். வெற்றிடத்தால் இயங்கும் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அதன் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். இழுவை நிற்காமல் கசிந்தால் டயாஃப்ரம் போய்விட்டது. டைமிங் விளக்கால் ஐடிலிலும் உயர்ந்த வேகத்திலும் சரிபாருங்கள்.

கலவை மெலிந்தாலும் சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கின் முனை சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் நல்லது, வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கட்டில் காற்று கசிகிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல், அதே ஜெட்டில், கலவையைச் சற்று மெலிதாக்கும். பழைய அளவுகளில் டியூன் செய்த கார்புரேட்டருக்கு ஒரு சிறு திருத்தம் தேவைப்படலாம்.

7. ஹெட் கேஸ்கட் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள்

இதை இந்த இடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கேஸ்கட் போயிருந்தால் அடுத்து வரும் கழுவலும் ரேடியேட்டர் வேலையும் வீண். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்புங்கள். மேல் தொட்டியில் விடாமல் குமிழிகள் வந்தால் சந்தேகம் வலுக்கும். எஞ்சின் ஆயிலில் பால் கலந்ததுபோன்ற நிறம், ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவியதுபோலச் சுத்தமாக இருப்பது, வெளியே கசிவே தெரியாமல் தண்ணீர் குறைவது ஆகியவை மற்ற அறிகுறிகள். எரிந்த வாயுவைக் கண்டறியும் நீல நிறத் திரவச் சோதனை எளிதானது. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும்போது நீலம் மஞ்சளானால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் சமதளத்தைச் சரிபார்க்காமல் புதிய கேஸ்கட்டைப் போடாதீர்கள். சில எஞ்சின்களின் கேஸ்கட்டில் முன்னும் பின்னும் நீர்த் துளைகள் வெவ்வேறு அளவில் இருக்கும். திருப்பிப் போட்டால் பின் சிலிண்டர்களுக்குத் தண்ணீர் சரியாகச் சேராது. கடைசியாக இதைத் திறந்தவர் யார், என்ன போட்டார் என்று தெரியாத வண்டிகளில் இதையும் கவனியுங்கள்.

8. தெர்மோஸ்டாட்: கழற்றி எறிய வேண்டாம்

கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்குங்கள். அடியைத் தொடாமல் தொங்க வேண்டும். அதில் பொறித்திருக்கும் எண், பெரும்பாலும் 74, 82 அல்லது 88, திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. சில டிகிரி முன்பின் திறந்தாலும் முழுதாகத் திறந்தால் சரி. புதிதாக வாங்கியதையும் பொருத்தும் முன் இப்படிச் சோதியுங்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும், விலையோ மிகக் குறைவு.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் உறையே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே இருக்கும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் திரும்பும். அப்படிப்பட்ட வண்டியில், உறை இல்லாத மலிவான மாற்றைப் போட்டாலும் அதே கதைதான். மற்ற எஞ்சின்களில் வண்டி எப்போதும் குளிர்ந்தே ஓடி, ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் தங்கிச் சிலிண்டர் தேயும். பொருத்தும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். காற்று வெளியேறும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும்.

9. பிளாக்கைக் கழுவுதல்

ரேடியேட்டரைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பிளாக்கைப் பற்றிப் பேசுவதில்லை. வார்ப்பு இரும்பு பல பத்தாண்டுகளாகத் துருவை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. அதனோடு வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணலும் தண்ணீரின் உப்பும் சேர்ந்து, நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் படியும். நீளவாக்கில் சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினில் அந்த இடம் கடைசி சிலிண்டரைச் சுற்றிய அடிப்பகுதி. அங்கே சேறு கல்லாகிவிட்டால், முன்பக்கத்தில் இருக்கும் வெப்பமானி அமைதியாக இருக்கும்போதே பின் சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும்.

சோதனை எளிது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயைத் திறங்கள். தண்ணீர் சொட்டுக்கூட வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது. ஒரு கம்பியால் குத்திக் கிளறுங்கள். எஞ்சின் நீளத்துக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஓட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள். கழுவிய பிறகு இதே அளவை மீண்டும் எடுக்கும்போது வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

செய்முறை இது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். ரேடியேட்டரையும் பிளாக்கையும் இரு குழாய்களையும் பிரித்துத் தனித்தனியாகக் கழுவுங்கள். சேர்த்துக் கழுவினால் பிளாக்கின் சேறு நேராக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போய் அடையும். இந்த ஒரு தவறால் நல்ல ரேடியேட்டர்கள் பல பாழாகியிருக்கின்றன. வழக்கமான நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீரைச் செலுத்துங்கள். சாதாரண தோட்டக் குழாயின் அழுத்தம் போதும்.

சேறு இறுகியிருந்தால் கோர் பிளக் எனப்படும் பிளாக்கின் வட்டத் தகடுகளைக் கழற்றாமல் தீராது. உள்ளே விழாதபடி ஓரத்தில் தட்டிச் சாய்த்து இழுங்கள். அந்தத் துளைகள் வழியே கம்பி, பழைய திருப்புளி, நீர்ப் பீச்சல் மூன்றையும் வைத்துச் சுரண்டி வெளியேற்ற வேண்டும். பார்க்கும்போது இவ்வளவா என்று திகைப்பீர்கள். கழற்றிய இடங்களைச் சுத்தம் செய்து புதிய தகடுகளைச் சீலன்ட்டோடு அடித்துப் பொருத்துங்கள். பழையவற்றைத் திருப்பிப் போட வேண்டாம். இதற்குக் குறைந்தது ஒரு முழு நாள் வையுங்கள். பின் தகடு கியர்பாக்ஸுக்கு மறைவில் இருந்தால் அதைவிட அதிகம் ஆகும்.

மிச்சமிருக்கும் துருவைக் கரைக்கச் சிட்ரிக் அமிலக் கரைசலைப் பயன்படுத்தலாம். வெந்நீரில் கரைத்து நிரப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, வடித்துவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினில் கரைசலை நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அலுமினியத்தை அரித்துவிடும். சீக்கிரம் முடிகிறது என்று யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அமிலம் துருவால் அடைந்திருந்த ஓட்டைகளையும் திறந்துவிடும் என்பதால், கழுவிய வாரத்தில் தொலைதூரப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதே வேளையில் வாட்டர் பம்பையும் பார்த்துவிடுங்கள். தண்டை அசைத்தால் ஆடுகிறதா, அடியிலுள்ள சிறு துளையில் கசிந்த கறை இருக்கிறதா, உள்ளே சுழலும் இறக்கைகள் அரித்துச் சிறுத்துவிட்டனவா? வெளியே புல்லி சுழன்றுகொண்டிருக்க, உள்ளே இறக்கை தண்டில் வழுக்கி நிற்கும் பம்புகளும் உண்டு.

10. ரேடியேட்டர்: இப்போதுதான் இதன் முறை

சூடான எஞ்சினோடு ரேடியேட்டரின் முகம் முழுவதையும் அகச்சிவப்பு வெப்பமானியால் கட்டம் கட்டமாக அளந்து தாளில் எழுதுங்கள். விசிறியின் அருகே கையை விடாதீர்கள். சுற்றியுள்ள இடங்களைவிடச் சட்டென்று குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. மேலிருந்து கீழ்வரை சூடு கொஞ்சமும் குறையாமல் இருந்தால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ஃபின்கள் குழாயோடு உள்ள பிடிப்பை இழந்து வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துவதில்லை. விரலால் தொட்டாலே ஃபின்கள் உதிர்ந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

செப்பு, பித்தளை ரேடியேட்டர்களில் தொட்டிகளை உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி செலுத்திச் சுத்தம் செய்ய முடியும். இது செலவில் நடுத்தரம். குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை முழுதாக மாற்றுவது இந்தப் பட்டியலிலேயே மிகச் செலவான வேலை, பட்டறையில் சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை காத்திருக்க நேரும். கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கோரின் தடிமன், குழாய்களின் வரிசை எண்ணிக்கை, ஃபின்களின் நெருக்கம், எந்த அழுத்தத்தில் சோதித்துத் தருவார்கள், பழைய தொட்டியும் அதன் பெயர்ப்பட்டயமும் திரும்பக் கிடைக்குமா. வரிசைகள் அதிகமானால் நல்லது என்று எண்ணி ஃபின்களை மிக நெருக்கமாக்கினால், மெதுவான விசிறியால் காற்றை இழுக்க முடியாமல் நெரிசலில் நிலைமை மோசமாகும். திரும்பி வந்ததும் தடித்த பெயின்ட் அடிக்காதீர்கள். மெல்லிய மங்கல் கறுப்புப் பூச்சு போதும்.

கசிவடைப்பு பவுடர்களைத் தொடவே தொடாதீர்கள். ஒரு துளையை அடைக்கும் அதே பொருள், மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கிறது.

11. எதை நிரப்புவது, எப்படி நிரப்புவது

கிணற்று நீர், குழாய் நீர் இரண்டும் உப்பைக் கொண்டுவரும். டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். அதுவும் தனியாக அல்ல, துருத்தடுப்பு கலந்து. உறையாமலும் துருப்பிடிக்காமலும் காக்கும் திரவமான கூலண்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் எதிலீன் கிளைகால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெப்பத்தைச் சுமப்பதில் அது வெறும் தண்ணீரைவிடக் குறைந்தது என்பதால், உறைபனியே விழாத இடத்தில் கூலண்ட்டின் பங்கைப் பாதிக்கும் மேல் கூட்டுவதில் பொருளில்லை. செப்பும் ஈயப்பற்றும் உள்ள பழைய அமைப்புகளுக்குச் சிலிகேட் கலந்த பழைய வகைக் கூலண்ட்டே பொருத்தம். நீண்ட ஆயுள் கொண்ட புதிய கரிம அமில வகைகளை, பழைய வண்டிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் தவிர ஊற்ற வேண்டாம். பழைய வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். நிறத்தை வைத்து வகையை முடிவுசெய்யாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

எதிலீன் கிளைகால் நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். வடித்த பாத்திரத்தை நாய், பூனை, குழந்தைகளுக்கு எட்டாமல் மூடி வையுங்கள். சாக்கடையில் ஊற்றாமல் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

நிரப்பும்போது ஹீட்டர் வால்வு திறந்திருக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக ஊற்றி, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஊற்றிய அளவை மேனுவலின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். ஒரு லிட்டர் குறைவாகவே கொண்டால், காற்று அடைத்திருக்கிறது அல்லது சேறு இன்னும் இருக்கிறது.

12. கூடுதல் விசிறி தேவையா?

மேலே சொன்ன அனைத்தையும் முடித்த பிறகும் நெரிசலில் மட்டும் சூடானால் யோசிக்கலாம். அதற்கு முன் விசிறி உறை பொருத்திப் பாருங்கள். விசிறி இறக்கைகளின் பாதி உறைக்குள் இருக்கும்படி அமைத்தால் பலன் நன்றாக இருக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம். பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் இல்லாமல் பழைய டைனமோ உள்ள வண்டியில் கவனம் வேண்டும். பல டைனமோக்கள் உச்சத்திலேயே 20 ஆம்பியரை ஒட்டித்தான் தரும், ஐடிலில் ஏறத்தாழ எதுவும் தராது. ஃபேன் தேவைப்படும் நேரமோ அந்த ஐடில்தான். பேட்டரி வடிந்துகொண்டே போகும். ரேடியேட்டரின் கோர் வழியே பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி ஃபேனைக் கட்டாதீர்கள், அதிர்வில் குழாயை அறுத்துவிடும்.

காற்றால் குளிரும் எஞ்சின் உள்ளவர்களுக்கு இந்த வழிகாட்டியில் தண்ணீர் பற்றிய பகுதிகள் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியவை தகர உறைகள் முழுதாக இருக்கின்றனவா, எஞ்சின் அறையைச் சுற்றிய ரப்பர் சீல் இருக்கிறதா, பெல்ட், ஆயில் கூலரின் அடைப்பு, ஆயில் மட்டம். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினில் மொத்தம் 2.5 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. அரை லிட்டர் குறைவதுகூட அங்கே பெரிய இழப்பு.

13. சாலையில் முள் ஏறிவிட்டால்

ஹீட்டரை முழுதாகத் திறந்து அதன் விசிறியையும் போடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அது ஒரு சிறிய ரேடியேட்டர். ஏசி பொருத்தியிருந்தால் அணையுங்கள். நெரிசலில் நின்றால் நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று வேகப்படுத்துங்கள், பம்பும் விசிறியும் வேகமாகச் சுழலும். அப்படியும் முள் இறங்காவிட்டாலோ, நீராவி தெரிந்தாலோ, தண்ணீர் இருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தாலோ உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். வெப்பமானியின் குமிழைச் சுற்றித் தண்ணீரே இல்லாதபோது முள் குறைவாகக் காட்டக்கூடும்.

பானெட்டைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். மூடியைத் தொடாதீர்கள். மேல் குழாயைக் கையால் அமுக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி அழுத்தத்தை வெளியேற்றிய பின் திறங்கள். வெந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். ஆறிய பிறகும், எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள், ஏழாவது படியில் சொன்ன குமிழிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், எஞ்சின் முழுதாக ஆறிய மறுநாள் காலையில் ஹெட் போல்ட்டுகளின் இறுக்கத்தை மேனுவல் சொல்லும் முறையில் சரிபாருங்கள். இவை மூன்றும் சரியென்று உறுதியாகும்வரை வண்டியை மறுபடி சாலைக்கு எடுக்க வேண்டாம்.